பொறி எழுதும் கட்டுரையும் தமிழாசிரியர் கடமையும்

மாணவர் கையில் இன்று புதியதொரு பொறி வந்து சேர்ந்துள்ளது. 2022 நவம்பர்த் திங்களில் 'சாட்-சிபிடி' எனும் உரையாடு பொறி வெளிவந்தது முதல், கட்டுரை எழுதுக என்று ஆசிரியர் சொன்ன மறுநொடியே கைப்பேசியைத் தட்டிப் படியெடுத்துவரும் வழக்கம் பள்ளிதோறும் பரவி வருகின்றது. செய்யறிவு எனப்படும் இந்நுட்பத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று கல்வித்துறையினர் வழக்காடுகின்றனர். தமிழாசிரியர் கேட்கவேண்டிய முதல் வினா அதுவன்று. பிள்ளையின் நெஞ்சில் முளைக்கவேண்டிய தமிழ் என்னாகும் என்பதே நம் வினா.

இப்பொறி எதனையும் உணர்ந்து எழுதுவதன்று. கோடிக்கணக்கான பக்கங்களைத் தின்று, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துத் தருவது. தின்றவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழோ மிகச் சிறிது. அச்சிறிதும் பெரும்பாலும் கலவைநடை. எனவே அது தரும் தமிழ், எழுத்தால் தமிழாயினும் தொடரமைப்பால் பலவிடத்தும் ஆங்கிலமே. உழவர் வீட்டுப் பிள்ளை பொங்கலைப் பற்றி எழுதிவந்த ஏட்டைப் பாருங்கள். "பொங்கல் வெறும் பண்டிகை மட்டுமல்ல, அது ஓர் உணர்வு" என்று தொடங்கி, "தமிழர் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று முடிகின்றது. 'பங்கு வகிப்பது' எந்நாட்டு வழக்கு? பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சட்கொத்து அதில் இல்லை. அவன் கொம்பிற்கு வண்ணம் தீட்டிய காளை இல்லை. அவன் பாட்டி வாய்ச்சொல் ஒன்றுகூட இல்லை. இவ்வெழுத்துகளே இணையத்தில் ஏறி, நாளைய பொறிக்கு மீண்டும் தீனியாகும். கலங்கிய நீர் ஊற்றுக்கே திரும்பும் நிலை இது.

தடைபோட்டால் தீருமா? நியூயார்க்கு நகரப் பள்ளிகள் 2023 சனவரியில் தடைபோட்டன; அவ்வாண்டு மே திங்களிலேயே தடையை நீக்கிக்கொண்டன. பொறியெழுத்தைப் பொறியைக் கொண்டே கண்டறியலாமா? சாட்-சிபிடியைப் படைத்த ஓப்பன் ஏஐ நிறுவனமே அத்தகைய கருவியொன்றை 2023 சனவரியில் வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் 26 விழுக்காட்டையே அது கண்டுபிடித்தது. மாந்தர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டின்மேல் பொய்ப்பழி சுமத்தியது. சூலையில் அதனை நிறுத்திவிட்டனர். அதே ஆண்டில் இசுடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கையில், பாதிக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் பொய்ப்பழிகளே. இக்கருவிகளை நம்பி ஒரு மாணவனைக் கள்வன் என்பது அறமாகுமா?

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கின்றது. வினாவிடைக் கையேட்டை நெட்டுருச் செய்து அச்சில் உள்ளவாறே எழுதினால் முழு மதிப்பெண். தன் சொல்லில் எழுதினால் குறைவு. இம்முறையில் வளர்ந்த பிள்ளை, கையேட்டை விட்டுப் பொறியைப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன? கையேட்டை உருப்போட்டவன் நினைவிலாவது சில சொற்கள் தங்கின. பொறியை ஏவுபவனுக்கு அதுவும் இல்லை.

பாடம் கேட்கும் முறையை வகுத்த நன்னூலார், கேட்டதை மீள நினைத்தலையும், உடன்கற்பாரோடு பயிலுதலையும், வினவுதலையும், விடைதருதலையும் கற்றலின் உறுப்புகளாக வைத்தார். இவை வாயும் செவியும் நெஞ்சும் கூடிச் செய்யும் வினைகள். பிறிதொன்றிடம் ஒப்படைக்க இயலாதவை. அவற்றை நாம் வகுப்பறைக்கு மீட்கவேண்டும்.

முதலாவது, கட்டுரையை வகுப்பிலேயே கையால் எழுதச் செய்க. எழுதியதைப் பற்றி இரண்டு வினாக்களை வாய்மொழியாகக் கேட்க. இரண்டாவது, பொறி அறியாதவற்றைக் கேட்க: தம் ஊர் ஏரி, மடை, கலப்பை உறுப்புகளின் பெயர்களை மாணவர் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து வரட்டும். மூன்றாவது, மேல்வகுப்பு மாணவரிடம் பொறி தந்த விடையையே கொடுத்துத் திருத்தச் சொல்க. வடசொல்லைக் களையட்டும், ஆங்கிலத் தொடரைத் தமிழ்த்தொடர் ஆக்கட்டும், இல்லாத குறளைத் திருவள்ளுவர் தலையில் அது கட்டியிருப்பின், நூலைப் புரட்டி அப்பொய்யை வெளிப்படுத்தட்டும். பொறியைத் திருத்தத் தெரிந்தவன் அதற்கு அடிமையாகான்.

இவற்றிற்கு ஆசிரியர்க்குப் பொழுது வேண்டும். பதிவேடு நிரப்புவதிலேயே அவர் பொழுதைக் கரைத்துவிட்டுக் கல்வி வளரவில்லை என்று புலம்பிப் பயனில்லை. நெட்டுருவுக்கு மதிப்பெண் தரும் தேர்வு முறையை அரசு மாற்றவேண்டும்.

தமிழாசிரியப் பெருமக்களே! பொறி தமிழ் கற்கட்டும், நமக்குத் தடையில்லை. நம் பிள்ளைகளின் நல்ல தமிழிலிருந்து அது கற்கட்டும். நம் பிள்ளைகள் அதனிடம் தமிழ் கற்கும் நிலை மட்டும் வரலாகாது. அதனைத் தடுக்கும் ஆற்றல் நம் வகுப்பறைகளில்தான் இருக்கின்றது. இன்றே தொடங்குவோம்!