வெள்ளிக்கிழமை ரிலீஸ்

'ப்ராசஸ் இல்லாத டீம் உருப்படாது' என்கிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். யாருடைய ப்ராசஸ்?

ராஜபாளையத்தில் ஏழு பேர் சேர்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறோம். பக்கத்திலேயே சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அங்குள்ள சில தறிக்காரர்களுக்குக் கூலிக்கணக்குப் போடுவது எங்கள் மென்பொருள்தான். அவர்கள் சனிக்கிழமை கூலி கொடுப்பார்கள். அதனால் வியாழனுக்கு மேல் நாங்கள் எந்த மாற்றத்தையும் ஏற்றுவதில்லை. யாரும் எழுதி வைத்ததில்லை. வேலையே கத்துக்கொடுத்த வழக்கம்.

எங்களை வாங்கிய சென்னைக் கம்பெனி ஸ்க்ரம் கொண்டுவந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரின்ட். அது முடிவது வெள்ளி சாயங்காலம், ரிலீஸும் அன்றைக்கே. சனிக்கிழமை கணக்கு திறக்கவில்லை என்றால் நெசவாளிக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். 'ரெட்ரோவில் பேசலாம்' என்றார்கள். ரெட்ரோ திங்கட்கிழமை சார். அவங்க அரிசி வாங்குறது ஞாயிறு.

கூத்து என்னன்னா, இதற்கெல்லாம் வேதமாகக் காட்டுகிற அஜைல் அறிக்கை, 2001ல் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதியது, ப்ராசஸைவிட மனிதர்களைத்தான் முன்னால் வைக்கிறது. டீம் அவ்வப்போது நின்று யோசித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளணும் என்கிறது. அதற்கு முன்னாலும் இதே கதைதான். பின்னாளில் 'வாட்டர்ஃபால்' என்று பேர் வாங்கிய படத்தை 1970ல் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், இப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

பெரிய கம்பெனிக்குப் பொதுமுறை வேண்டாமா என்பார்கள். எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பாருங்கள். வடம் பிடிக்க எத்தனை பேர் இருந்தாலும், திருப்பத்தில் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் கண்ணை நம்பித்தான் தேர் திரும்புகிறது.

தானா வளரட்டும்னு விடுறது சும்மா கிடக்குறது இல்ல. முன்பு எங்கள் டீமில் முக்கிய முடிவெல்லாம் ஆறு மணிக்கு டீக்கடையில்தான். நானும் இன்னொருத்தியும் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்போம். மறுநாள் வந்து பார்த்தால் நாங்கள் எழுதிய கோடு மாறியிருக்கும். சண்டை போட்டோம், சின்னச் சண்டையெல்லாம் இல்லை. பேச்சு மூன்று மணி டீக்கு, ஆபீஸுக்குள்ளேயே மாறியது. அதுவும் ப்ராசஸ்தான், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

இப்போது ஒன்பது மணிக்கு வீடியோவில் ஸ்டாண்ட்-அப். அந்த நேரத்துக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, நேற்று என்ன செய்தோம் என்று ஒப்பிக்கிறோம். நிஜமாகவே நின்றுகொண்டு செய்வது நாங்கள் மட்டும்தான்.

ரிலீஸைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஸ்ப்ரின்ட் முடிந்துவிட்டது, பதிலைக் காணோம்.