20 ஆயிரமும் 20 ஆயிரமும் எத்தனை?

குறுவையில் 20 ஆயிரம் மூட்டை நெல். சம்பாவில் 20 ஆயிரம் மூட்டை நெல். மொத்தம் எத்தனை?

"40 ஆயிரம்" என்று களத்து மேட்டில் விளையாடும் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

ஆனால், ஒரு கம்ப்யூட்டர் கருவி என்ன சொல்கிறது தெரியுமா? "கழித்தல் 25 ஆயிரத்து 536" என்கிறது! நெல்லை அளந்து போட்டவன் கடன்காரன் ஆகிவிடுகிறான்!

இது கதை அல்ல. நம் நாட்டில் பல கல்லூரிகளில் பிள்ளைகள் பழகுகிற "டர்போ சி" என்ற கருவியில் நடப்பதுதான்.

பழைய மரக்கால்

"இன்ன வேலையைச் செய்" என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைக்குப் புரோகிராம் என்று பெயர். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி "கம்பைலர்". டர்போ சி ஒரு கம்பைலர். அமெரிக்காவில் போர்லண்ட் என்ற நிறுவனம் 1987-ல் வெளியிட்டது.

அன்று கம்ப்யூட்டர்களை ஆட்டி வைத்தது "டாஸ்" என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதற்காகச் செய்த கருவி இது. ஓர் எண்ணுக்கு அது ஒதுக்கும் இடம் சிறியது. 32 ஆயிரத்து 767 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் எண் புரண்டு, கழித்தல் பக்கம் போய் விழும்.

"பெரிய எண் என்று முன்பே சொல்லி எழுதினால் சரியாக வருமே!" என்பார்கள். உண்மைதான். ஆனால், இன்றைய கம்பைலர்களில் சாதாரண எண்ணே 214 கோடியைத் தாண்டிக் கொள்கிறது. மரக்கால் மாறிவிட்டது. நாம்தான் மாறவில்லை.

இன்றைய 64 பிட் விண்டோசில் டர்போ சி நேராக ஓடாது. "டாஸ்பாக்ஸ்" என்று ஒரு புரோகிராம் உண்டு. அது புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் போல வேஷம் போடும். அந்த வேஷத்துக்குள்தான் பாடம் நடக்கிறது!

யார் திருத்துவது?

அதே 1987-ல் இன்னொரு கம்பைலரும் பிறந்தது. பெயர் "ஜி.சி.சி." தொடங்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர்.

இரண்டுக்கும் வயது ஒன்று. டர்போ சி நின்றுவிட்டது. ஜி.சி.சி. இன்றும் வளருகிறது. காரணம் என்ன?

டர்போ சி எப்படி எழுதப்பட்டது என்பதை நிறுவனம் வெளியே காட்டவில்லை. அவர்கள் கைவிட்டதும் அதைத் திருத்த ஆள் இல்லை. ஜி.சி.சி.யோ எல்லோருக்கும் திறந்து வைத்த வீடு. பிழையைக் கண்டவர் சொல்லலாம். தெரிந்தவர் திருத்தலாம். நல்ல திருத்தம் என்றால் உலகம் முழுவதற்கும் போய்ச் சேரும். காசும் இல்லை.

தஞ்சை மக்களுக்கு இது புதிதா? மேட்டூர்த் தண்ணீர் வருமுன் ஊரே மண்வெட்டியுடன் இறங்கி வாய்க்காலைத் தூர் வாரவில்லையா? அதன் பெயர்தானே குடிமராமத்து! 2017-ல் தமிழக அரசும் அதே பெயரில் திட்டம் தொடங்கியது. ஜி.சி.சி.க்கு நடப்பதும் குடிமராமத்துதான்.

பழமை குற்றம் அல்ல

பழையது என்பதற்காக எதையும் எறியச் சொல்லவில்லை. கல்லணையும் பழையதுதானே? ஆனால், மணல் மேடிட்டபோது அதைச் சும்மா விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அதில் மணற்போக்கி அமைத்தார். திருத்தினார்கள், நிற்கிறது!

"எங்களிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர்தானே" என்று கல்லூரிகள் சொல்லலாம். பரவாயில்லை. அதிலேயே லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடலாம். ஜி.சி.சி. அதில் ஓடும். மாற்ற வேண்டியது பாடக் குறிப்பும் பழக்கமும்தான்.

நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை வேலைக்குப் போய், "திரையைத் துடை" என்று படித்தபடி எழுதுகிறது. "அப்படி ஒரு கட்டளையே தெரியாது" என்கிறது புதிய கம்பைலர். பிள்ளை விழிக்கிறது. குற்றம் பிள்ளையுடையதா?

பெற்றோர்களே! கல்லூரிக்குப் போனால், "கம்ப்யூட்டர் புதியதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதில் பிழை வந்தால் திருத்த ஆள் உண்டா?" என்றும் கேளுங்கள்.

தூர் வார முடியாத வாய்க்காலை நம்பி யாரும் நாற்று விடுவதில்லை!