சக்கரமும் காட்சியும்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னை நோக்கிச் செல்லும் பெருவழி பெரம்பலூர் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. நான்கு தடங்களாய் அகன்று நேராக நீண்டு கிடக்கும் அச்சாலையில் மோட்டார் சைக்கிளேறி விரையும் இளைஞர் பலர், பாடாலூரையும் பெரம்பலூரையும் வெறும் பெயர்ப்பலகைகளாகவே அறிவர். எத்தனை மணி நேரத்தில் சென்னையை எட்டினோம் என்பதே அவர்தம் பேச்சாக இருக்கின்றது. வழியில் கண்டது யாது என வினவினால், உணவு விடுதி ஒன்றின் பெயரைக் கூறுவர். அதற்குமேல் விடை வாராது. இவ்வளவு பொருள் செலவிட்டு, இத்துணை வெயிலிலும் புழுதியிலும் உடல் வருந்திச் சென்றும் ஒன்றையும் காணாது மீள்வது இரங்கத்தக்கதன்றோ?

பெருவழியை விட்டுச் சற்றே விலகுவார்க்கு இந்நாடு தன் செல்வத்தை ஒளிக்காமல் காட்டும். பெரம்பலூருக்கு வடக்கே சாலையோரத்திலேயே இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாபுக்காகப் பொருத வாலிகண்டபுரப் போர் இக்கோட்டையின் அருகே நிகழ்ந்தது. மேற்கே பச்சைமலை நீல நிறங்காட்டி நெடுக ஓடுகின்றது. மழைக்காலத்தில் இலாடபுரத்தருகே மயிலூற்று அருவி இறங்கும். சமவெளியில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் வயல்களைக் காணலாம்.

இவற்றினும் வியத்தகு காட்சி தென்கிழக்கே உள்ளது. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாய்க் கிடக்கின்றது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அதன் அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டுள்ளது. கரையோரக் காட்டினின்று ஆற்றுநீரால் அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றிற் புதைந்த மரம் அது. ஆம், பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலாயிருந்தன! காரை என்னும் ஊரருகே செம்மண் மேடுகள் மழைநீரால் அரிக்கப்பட்டு ஆயிரம் மடிப்புகளாகப் பிளந்து கிடக்கின்றன. அம்மடிப்புகளில் அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. காண்பவர் ஒன்றையும் எடுத்துச் செல்லாது கண்டு மீளுதல் வேண்டும். அரியலூரைக் கடந்து செயங்கொண்டம் வழியே முந்திரித் தோப்புகளினூடே சென்றால், முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயில் எதிர்ப்படும். யுனெஸ்கோ நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிற் சேர்த்தது.

அப்பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. கல்லைச் சுமந்த லாரிகள் சுரங்கத்தினின்று ஆலைக்கும், சிமெண்டைச் சுமந்த லாரிகள் ஆலையினின்று ஊர்களுக்கும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் பாரத்தால் சாலையின் ஓரங்கள் உடைகின்றன. சிதறிய சரளைக் கற்கள் வளைவுகளில் குவிகின்றன. வெண்புழுதி தார்மேல் படிகின்றது. ஐப்பசி மழையின் முதல் தூற்றல் அப்புழுதியோடும் வண்டிகள் சிந்திய எண்ணெயோடும் கலந்தால், சாலை சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். அறுவடை நாள்களிலோ சிற்றூர்ச் சாலையே களமாகிவிடும். அங்கே உலரும் தானிய மணிகளின்மேல் பெரிய லாரி எளிதாகச் செல்லும். இருசக்கர வண்டியோ உருளும் மணிகளால் தடுமாறும்.

ஆதலின், இவ்வழகிய நாட்டைக் காணவேண்டின் முதற்கண் காணத்தக்கது சக்கரமே. மோட்டார் சைக்கிளின் டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவினதே. வண்டியின் எடையும் இருவர் உயிரும் அவ்விரண்டு உள்ளங்கைகளின்மேல் செல்கின்றன. உந்துபொறியின் ஆற்றலையும் விளக்கின் ஒளியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோர் டயரைப் பற்றி வாய்திறப்பதில்லை. புது வண்டி வாங்கிய நாளில் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏறிச் செல்லும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. ஆயுதபூசை அன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவர். பலர் வீடுகளில் சக்கரத்தை ஒருவர் உற்று நோக்கும் நாள்கள் இவ்விரண்டேயாம்!

டயரில் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். தாங்குவது பெரிதும் உள்ளிருக்கும் காற்றே. ஸ்காத்லாந்தில் பிறந்த டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து அளித்த நாள்முதல் இக்காற்றே உலகைச் சுமக்கின்றது. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும்; அதனால் சூடு பிறக்கும். பெருவழியின் வேகமும் சித்திரை வெயிலும் அதனோடு சேர்ந்தால் ரப்பரும் உள்ளிருக்கும் நூலடுக்கும் பிரிந்து டயர் வெடிக்கக்கூடும். மிகுதியாக அடைத்தாலோ தரையைப் பற்றும் பரப்புச் சுருங்கும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் உள்ளது. டயரின் பக்கத்தே பொறித்த எண் அந்த டயர் தாங்கும் மேலெல்லையைக் குறிப்பது. அதனையே அளவாகக் கொண்டு காற்றடைத்தல் பிழை. பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால் பின்சக்கரத்திற்குக் கூடுதல் காற்று வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஐம்பது கல் ஓடிவந்த டயரில் சூட்டினால் அழுத்தம் உயர்ந்திருக்கும். அதனைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுவோர், டயர் குளிர்ந்தபின் குறைந்த காற்றோடு ஓடுவர்.

தேய்வைக் காண்பதும் அரிதன்று. டயரின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் உள. மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது என்பது பொருள். இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறும் எல்லை. அது சட்டத்தின் எல்லை. மழை நாளில் நெடுவழி செல்வார் அதுவரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் காணப்படும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என அறியலாம். ஓடாது நின்ற வண்டியின் டயரும் முதுமையால் இறுகி வெடிப்புறும்.

நேர்ச்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேயும். பெருவழியில் அதன் குறை தோன்றாது. பச்சைமலையின் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதுதான், வண்டி சாயத் தயங்கிப் பின் திடீரெனச் சாய்வது தெரியவரும். மலைவழியை நாடுவார் புறப்படுமுன் தம் டயரின் நடுப்பகுதியைத் தடவிப் பார்த்தல் நன்று.

வேகமே விபத்துக்குக் காரணம், டயரை ஏன் குறை கூறவேண்டும் என்பாரும் உளர். வேகம் பெருங்குற்றமே. ஆயினும், மெல்லச் செல்பவனும் எருமை குறுக்கிட்டால் வண்டியை நிறுத்தித்தானே ஆகவேண்டும்? நிறுத்துவது தடைக்கட்டை மட்டுமன்று. தரையைப் பற்றும் டயரும் சேர்ந்தே நிறுத்துகின்றது. இதனைப் பழுதுபார்ப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் பொருந்தாது. அவர் காண்பது சில திங்களுக்கு ஒரு முறை. காற்றோ நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிகின்றது.

இவ்வறிவு பிற நாட்டினின்று கடன்கொள்ள வேண்டிய ஒன்றன்று. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், இன்று பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்திலேயே பெரிய டயர்த் தொழிற்சாலை நடத்துகின்றது. நெடும்பயணிகள் போற்றும் புல்லட் வண்டியும் அதே திருவொற்றியூரில்தான் நெடுங்காலம் உருவாயிற்று. டயர் பிறக்கும் மாவட்டத்துப் பள்ளிகளில் டயரைப் பற்றி ஒரு நாழிகைப் பாடம் நடத்தினால் என்ன? இயற்பியல் ஆசிரியர்க்கு அழுத்தமும் உராய்வும் விளக்க இதனினும் நல்ல கருவி கிடைப்பதரிது. கியர் பூட்டிய மோட்டார் சைக்கிளை ஓட்ட மாணவர் பதினெட்டு வயது நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால், தந்தையின் பின்னோ தமையனின் பின்னோ அவர் நாள்தோறும் அமர்ந்து செல்கின்றார். பின்னிருக்கையில் இருப்பவர் உயிரும் அதே டயரின்மேல் அன்றோ செல்கின்றது? "அப்பா, காற்றுப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் பிள்ளையை எந்தத் தந்தையும் கடிந்துகொள்ளார்.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே தங்குகின்றன. அவற்றைக் காணத் தகுந்த வேளை வைகறை. பெரம்பலூரினின்று இருள் பிரியும் நேரத்தில் புறப்படுவாரே அவ்வேளையில் அங்குச் சேர்வர். அந்நேரத்தில் டயரும் குளிர்ந்திருக்கும். காற்றளவு காட்டும் கருவியும் உண்மை பேசும்.