அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும்போதெல்லாம் ஆசிரியர் அறையிலும் அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்திலும் டீக்கடையிலும் ஒரே தீர்ப்பு வாசிக்கப்படுகிறது: ‘அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அக்கறை கிடையாது.’ தீர்ப்புக்குச் சான்றுகளும் தயாராக இருக்கும். கூட்டம் போட்டால் வருவதில்லை. படிக்காதவர்கள் என்பதால் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. புத்தகத்திலிருந்து சைக்கிள் வரை சும்மா கிடைப்பதால் படிப்பின் அருமை தெரிவதில்லை. காசு கட்டும் தனியார் பள்ளிப் பெற்றோரோ பிள்ளையின் பின்னாலேயே நிற்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் ஆசிரியரின் அலுப்பும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தால் எதுவும் அந்தத் தீர்ப்பைத் தாங்குவதாக இல்லை. அக்கறையை அளக்கப் பள்ளி கையில் வைத்திருக்கும் படியே கோணலாக இருக்கிறது என்பதுதான் தெரியவருகிறது.

முதலில் கூட்டம். வாரநாளில் காலை பதினொரு மணிக்கோ பிற்பகல் மூன்று மணிக்கோ கூட்டத்தை வைத்துவிட்டு, வந்தவர்களை எண்ணினால் என்ன தெரியும்? அந்த நேரத்தில் வேலையை விட்டு வர யாரால் முடியும் என்பது தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மெஷினை விட்டு எழுந்த நேரமெல்லாம் நட்டம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 தொடக்கத்திலிருந்து நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் பிடித்து வருகை பதிவது கட்டாயமானது. இடையில் பள்ளிக்கூடம் போய்வரும் தாய் பிற்பகல் படத்துக்குத் தவறினால் கூலிக்கே சிக்கல். மாதச் சம்பளக்காரர் அலுவலகத்தில் ‘பெர்மிஷன்’ சொல்லிவிட்டு வருகிறார். தினக்கூலிக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டு வருகிறார். இருவரும் ஒரே பதிவேட்டில்தான் கையெழுத்திடுகிறார்கள். கொடுத்த விலை பதிவேட்டில் ஏறுவதில்லை. வராதவர்களிடம் அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், மாலை ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ கூட்டம் வைத்தும் வரவில்லை என்றாவது காட்ட வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் அந்தச் சோதனையே நடந்ததில்லை.

வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் உயர்நிலைப் பள்ளிகளில் ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பது ஒரு தண்டனை. முடி வளர்த்தால், கைபேசி பிடிபட்டால், கணக்கில் ஒற்றை இலக்கம் வாங்கினால், சண்டையில் சட்டை கிழிந்தால் இந்த உத்தரவு பிறக்கும். அப்பாவுக்குச் சொல்லப் பயந்து பக்கத்துத் தெரு அண்ணனைச் சித்தப்பாவாக்கி அழைத்துவந்த பையன்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. பொதுவான பெற்றோர் கூட்டமும் இதிலிருந்து பெரிதாக மாறுபடுவதில்லை. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பாசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் எழுந்து நிற்க, ‘தமிழ்ல மட்டும்தாம்மா பாஸ். வீட்ல என்னதான் பாக்குறீங்க?’ என்று கேட்பார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘நாலு அடி போட்டாவது படிக்க வைங்க சார்’ என்பார். பொறுப்பை ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார் என்று இதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. உண்மையில் அந்த நாடகத்தில் அவருக்கென்று எழுதப்பட்ட வசனம் அது ஒன்றுதான். பிள்ளைக்கு எந்தப் பாடம் வருகிறது, எங்கே தடுமாறுகிறது, வீட்டில் என்ன செய்தால் உதவும் என்று யாரும் அவரிடம் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வராமல் போனால், அதில் அக்கறையின் கணக்கைவிட மானத்தின் கணக்கு பெரிது.

இரண்டாவது சான்று, படிக்காத பெற்றோரால் உதவ முடியாது என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 73 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. முக்கோணவியலையும் கரிம வேதியியலையும் அவர்களால் சொல்லித்தர முடியாது என்பதும் உண்மை. ஆனால் உயர்நிலை வகுப்பில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தேவைப்படுவது பாடம்தானா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நடுநிலைப் பள்ளிப் பருவம் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பு எதற்கு என்று பிள்ளையோடு பேசுவது, எதிர்பார்ப்பைத் தெரியப்படுத்துவது, வருங்காலத் திட்டத்தோடு படிப்பை இணைத்துக் காட்டுவது ஆகியவையே தேர்ச்சியோடு வலுவாக இணைந்திருந்தன. வீட்டுப்பாடத்தில் பெற்றோர் நேரடியாகக் கைவைப்பது மட்டும் எதிர்த்திசையில் நின்றது. கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிசும் 2014இல் வெளியிட்ட ‘தி புரோக்கன் கம்பஸ்’ என்ற நூல், பெற்றோர் ஈடுபாட்டின் அறுபதுக்கும் மேற்பட்ட வடிவங்களைப் பல ஆண்டுத் தரவுகளில் சோதித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றால் மதிப்பெண் உயர்ந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். தடுமாறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் கைகொடுக்கிறார்கள். ஆகவே குறைந்த மதிப்பெண் அந்த உதவிக்குக் காரணமாக இருக்கலாம், அதன் விளைவாக இருக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. நியாயமான மறுப்புதான். சொல்லித்தருவதே பிள்ளையைக் கெடுக்கிறது என்று அந்த ஆய்வுகளை வைத்து முடிவுகட்ட முடியாது. சொல்லித்தர ஆளில்லாத வீடு தோற்கும் வீடு என்று முடிவுகட்டவும் முடியாது. இங்கே நமக்கு வேண்டியது அவ்வளவுதான். அமெரிக்க ஆய்வு நம் ஊருக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. அப்படியே வந்து பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை என்று ஒரு தனித் திட்டமே 2010இல் வந்ததென்றால், கல்லூரி வாசலை மிதிக்காதவர்களின் பிள்ளைகள் எவ்வளவு பெருந்தொகையாக வந்துகொண்டிருந்தார்கள் என்று ஊகிக்கலாம். விடுதியும் சலுகையும் இடஒதுக்கீடும் இல்லாமல் இது நடந்திருக்காது. பெற்றோர் விரும்பாமலும் நடந்திருக்காது. பத்தாவது முடித்த பையனை வேலைக்கு அனுப்பினால் மறுநாளே வீட்டுக்கு வருமானம். அதை வேண்டாம் என்று மேலும் ஐந்தாறு ஆண்டு பொறுப்பது, பரீட்சை மாதத்தில் தொலைக்காட்சியை அணைப்பது, தண்ணீர் பிடிக்கும் வேலையை மகளிடமிருந்து வாங்கித் தானே செய்வது, ‘என்னை மாதிரி வெயில்ல கெடக்காதே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது எல்லாம் ஆய்வாளர்கள் சொல்லும் அந்த வலுவான ஈடுபாடுதான். எழுத்து தெரியாதவருக்கும் அது கைவரும். ரேங்க் கார்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவே.

மூன்றாவது, இலவசத்தால் அருமை தெரியவில்லை என்பது. 1956இல் பள்ளி மதிய உணவு தொடங்கியது முதல் ஒவ்வொரு திட்டத்தின்மீதும் யாராவது இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தியிருக்கிறார்கள். வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. மதிய உணவு பரவிய அதே ஐம்பதுகளின் இறுதியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை தாங்கியபோது, ஊர்ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அரசு சோறு போடுகிறதே என்று மக்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் கடிகாரத்துக்கும் தாங்களே கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த எத்தனையோ பள்ளிகளில், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக ஊரார் பணம் திரட்டித் தற்காலிக ஆசிரியரை வைத்திருக்கிறார்கள், ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்ற சொல்லே அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. இலவசப் புத்தகம் பெற்றவரின் சட்டைப்பையிலிருந்துதான் அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தாலும் பேருந்து, நோட்டு, கைடு, மாலை டியூஷன் எனச் செலவு இருந்துகொண்டேதான் இருக்கிறது. இலவசம் அந்தச் சுமையில் ஒரு பகுதியை இறக்கிவைக்கிறது. சுமை குறைந்தவருக்கு அக்கறையும் குறையும் என்பதற்கு, சொல்பவரின் எரிச்சலைத் தவிர வேறு ஆதாரம் காட்டப்படுவதில்லை.

நான்காவது, தனியார் பள்ளிப் பெற்றோரோடு ஒப்பீடு. கட்டணம் கட்டுவது ஈடுபாட்டின் ஒரு வடிவம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டியவர்களுக்குப் பள்ளிக்குள் என்ன இடம் இருக்கிறது? நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்கு, அங்குள்ள கோழிப்பண்ணைகளை நினைவில் வைத்து, ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே பெயர் வைத்தது. அந்த மாதிரிப் பள்ளியில் சேர்த்தவர் பிள்ளையைப் பார்ப்பதே எப்போதாவதுதான். படிப்பில் தலையிடக் கூடாது என்பதுதான் அங்கே விற்கப்படும் சரக்கு. அங்கு நல்ல மதிப்பெண் வந்தால் அதைப் பெற்றோர் ஈடுபாட்டுக்கு வரவு வைக்க முடியாது. சட்டத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் தலைகீழ். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு, மொத்தத்தில் பாதி பெண்களுக்கு என்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை அது விட்டுவிடுகிறது. அதாவது அக்கறை இல்லாதவர் என்று ஏசப்படுபவருக்குத்தான் பள்ளியை நடத்துவதில் சட்டப்படி பங்கு உண்டு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமானது என்பதும் கவனிக்கத்தக்கது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும்போது, அதாவது பொதுத்தேர்வும் பாடப்பிரிவுத் தேர்வும் இடைநிற்றல் ஆபத்தும் நெருங்கும்போது, பெற்றோரின் பிடிமானத்தைச் சட்டமே தளர்த்திவிடுகிறது. பிறகு அவர்கள் விலகி நிற்கிறார்கள் என்கிறோம்.

அப்படியானால் அக்கறையற்ற பெற்றோரே இல்லையா? இருக்கிறார்கள். குடியில் கூலியைத் தொலைக்கும் தந்தை உண்டு. பதினேழு வயதில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடு உண்டு. பையன் எந்த வகுப்பு என்று கேட்டால் விழிப்பவரும் உண்டு. இவர்களைப் பூசி மெழுகுவதில் யாருக்கும் நன்மையில்லை. ஆனால் வீட்டில் அடி விழும் பிள்ளையின் தாயும், ஷிப்ட் முடியாததால் வராத தாயும், போன கூட்டத்தில் பட்ட அவமானத்தால் வராத தாயும் பதிவேட்டில் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரிவார்கள். எல்லோருக்கும் ஒரே தீர்ப்பை எழுதும் பள்ளி, தன் உதவி உடனடியாகத் தேவைப்படும் அந்த ஒரு வீட்டைத்தான் முதலில் தவறவிடும். ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதும் பொருட்படுத்த வேண்டிய கேள்வி. எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, தேர்தல் பணி, சிறப்பு வகுப்பு, தேர்ச்சி விழுக்காட்டு நெருக்கடி ஆகியவற்றுக்கு நடுவில் பெற்றோரோடு பேசுவதையும் தலையில் ஏற்றினால் தாங்காது. ஆகவேதான் இதைத் தனி ஆசிரியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் வேலை நேரக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலைக் கூட்டம் வைத்த ஆசிரியருக்கு மறுநாள் ஈடுநேரம் தருவதும், மதிப்பெண் பட்டியலைப் பொதுவில் வாசிக்காமல் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் தனியே பேசுவதும் பெரிய நிதி கேட்கும் சீர்திருத்தங்கள் அல்ல.

பெற்றோரைக் குறைசொல்லும் தீர்ப்பு இத்தனை நாள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அது வசதியானது என்பதே. தோல்விக்குக் காரணம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்றால் உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை. காலிப் பணியிடமும், எட்டாம் வகுப்பு வரை எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஏறிவந்த பிள்ளையும், கூட்டத்துக்குக் குறித்த நேரமும் பேச்சிலிருந்து நழுவிவிடும். அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது அதில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளலாம்: இந்தப் பெற்றோரைக் கடைசியாக எதற்காக அழைத்தோம்? பக்கம் முழுக்க ‘புகார்’ என்றே நிரம்பினால், வராதவர்களின் அக்கறையைப் பற்றிப் பேசும் உரிமை பள்ளிக்கு அன்றைக்கு இல்லை.