முதலில் பக்கத்துத் திசுவைப் பாருங்கள்

புகையிலையை அடக்கி அடக்கி வெளுத்துப்போன கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு பயாப்சி. பி53 சாயம் ஏற்றிய ஸ்லைடு மைக்ரோஸ்கோப்பின் அடியில் இருக்கிறது. எபிதீலியத்தின் அடி அடுக்கில் பழுப்பு உட்கருக்கள் சிதறிக் கிடக்கின்றன: ஒன்று கருமை, அடுத்தது மங்கல், அதற்கடுத்த இரண்டில் ஒன்றுமே இல்லை. சர்ஜன் சீட்டில் எழுதிக் கேட்டிருப்பது ‘பி53 பாசிட்டிவா?’ என்று மட்டும். ஆம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. பாம்பன், மண்டபம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வரும் வாய்ப்புண் மாதிரிகளைப் பார்க்கும் எவருக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல.

பி53 இயல்பான செல்லில் இல்லாத பொருள் அல்ல. செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது, எம்.டி.எம்.2 அதை ஓயாமல் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. டி.என்.ஏ. சேதமடைந்தால் அந்தப் பிடி தளரும், புரதம் சேரும், செல் நின்று பழுதுபார்க்கும் அல்லது மடியும். ஆகவே, பெருகிக்கொண்டிருக்கும் அடி அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் சாயம், மரபணு ஒழுங்காக வேலைசெய்கிறது என்பதற்கே அடையாளம். கெட்டுப்போன நிலை வேறுமாதிரி இருக்கும். ஏறத்தாழ எல்லா உட்கருக்களும் ஒரே அடர்த்தியில் கறுத்திருக்கும். அல்லது பக்கத்து ஸ்ட்ரோமாவும் லிம்போசைட்டும் சாயம் ஏற்றிருக்க, கட்டி மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருக்கும். அரிதாகச் சைட்டோபிளாசத்தில் தங்கும். 1979-ல் இந்தப் புரதம் தெரியவந்தபோது புற்றைத் தூண்டுவது என்றே எண்ணினார்கள். கட்டிச் செல்களில் அது குவிந்து கிடந்ததும், அப்போது பிரித்தெடுத்த மரபணு நகல்கள் சிதைந்தவையாக இருந்ததும் காரணம். அசல் புரதம் அடக்கி என்று தெளிவாகப் பத்தாண்டுகள் ஆயின. ‘பி53 பாசிட்டிவ்’ என்று வெறுமனே எழுதும் ரிப்போர்ட் இன்னும் அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்காகச் செய்த இரண்டு பெட்டிகளைப் புற்றடக்கிப் புரதங்களுக்கும் மாட்டிவிட்டோம் என்பதுதான் கோளாறு. இவற்றைப் படிக்க வேண்டிய விதம் வேறு. இந்த இடத்தில், இந்த அடுக்கில், இந்த வயதில் இயல்பு எப்படி இருக்கும் என்பது முதல் கேள்வி. கட்டி அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அடுத்தது.

அந்த இயல்பே ஆடாமல் நிற்பதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி வாருபவரின் முன்கைத் தோலையும் துணி மறைத்த இடுப்புத் தோலையும் ஒரே ஸ்லைடில் வைத்தால் பி53 ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புற ஊதாக் கதிர் பட்ட தோலில் அது சில மணி நேரத்தில் உயர்ந்து சில நாட்கள் நிற்கும். கறுத்த தோலில் சேதம் குறைவு, இல்லாமல் இல்லை. நாள் முழுக்கக் கடல் வெயிலில் நிற்பவரின் கீழுதட்டு பயாப்சியில் கொஞ்சம் கூடுதல் சாயத்தைப் பார்த்ததும் டிஸ்பிளேசியா என்று பேனாவை எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2015-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தார், அறுவையில் நீக்கிய இயல்பான கண்ணிமைத் தோலைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். செல்களில் ஏறத்தாழ கால் பங்கு ஏதோவொரு புற்று மரபணுவில் பிழையைச் சுமந்துகொண்டிருந்தது. தோல் மட்டும் தோலாகவே இருந்தது. 2018-ல் உணவுக்குழாயைப் பார்த்தபோது இன்னும் வியப்பு. நடுவயது தாண்டியவர்களின் இயல்பான எபிதீலியத்தில் நாட்ச்1 பிழைகொண்ட குளோன்கள் பாதிக்குக் குறையாத பரப்பைக்கூடப் பிடித்திருந்தன. உணவுக்குழாய்ப் புற்றில் அந்தப் பிழை அவ்வளவு கிடையாது. டிபி53 நேர் எதிர்: இயல்பான திசுவில் குறைவு, புற்றில் ஏறத்தாழ எல்லாவற்றிலும். இரண்டையும் புற்றடக்கி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். உணவுக்குழாயும் இரைப்பையும் அடிக்கடி மேசைக்கு வரும் தமிழ்நாட்டில், எண்டோஸ்கோப்பி பயாப்சியில் ‘கட்டி இல்லாத’ துணுக்கை ஓரம் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

இயல்பான திசுக்களின் புரத வரைபடம் என்றால் ஸ்வீடனை மட்டும் நினைப்பது நம்மிடையே வழக்கம். மாத்தியாஸ் உலேன் தொடங்கிய மனிதப் புரத அட்லஸ் அருமையான வேலைதான். அடுக்கு அடுக்காக, செல் செல்லாக ஸ்லைடுகளைத் திறந்து காட்டுகிறது. ஆனால் அதன் பெரிய கட்டுரை 2015-ல் வருமுன்பே, 2014 மே மாத ‘நேச்சர்’ இதழில் மனிதப் புரதத் தொகுப்பின் முதல் வரைவு ஒன்று வெளியானது. அகிலேஷ் பாண்டேயின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவும் பெங்களூரு இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் சேர்ந்து செய்தது. வயதுவந்தோரின் 17 திசுக்கள், கருவின் 7 திசுக்கள், 6 வகை இரத்தச் செல்கள். 17,294 மரபணுக்களின் புரதங்கள். தரவு முழுதும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. நம் முதுநிலை மாணவர்களில் எத்தனை பேர் அதற்குள் போய் ஒரு புரதத்தையாவது தேடிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் திசுவை அரைத்துத்தான் அளக்கிறது. அடி அடுக்கும் மேலடுக்கும் லிம்போசைட்டும் ஒன்றாய்க் கலந்த சராசரி கிடைக்கும். பி53 போல அளவில் குறைந்து ஆயுளிலும் குறைந்த புரதம் அந்தக் கலவையில் எளிதில் காணாமல் போகும். 2020-ல் ஜிடெக்ஸ் குழுவினர் 32 இயல்பான திசுக்களில் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஆர்.என்.ஏ. அட்டவணையை மட்டும் பார்த்து இந்தத் திசுவில் இந்தப் புரதம் உண்டு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆக, அடுக்கைப் பார்த்துச் சொல்லும் வேலை மீண்டும் நம் மைக்ரோஸ்கோப்புக்கே வருகிறது.

பிடென்னைப் பாருங்கள். கருப்பை உட்சவ்வில் மாதவிடாய் முடிந்து பெருகும் கட்டத்தில் சுரப்பிகளிலும் ஸ்ட்ரோமாவிலும் சாயம் நிறைந்திருக்கும். சுரப்புக் கட்டத்தின் நடுவே சுரப்பிகளில் வடிந்து ஸ்ட்ரோமாவில் கூடும். அது போதாதென்று, நோயே இல்லாத பெண்களில் கணிசமானவர்களிடம் ஒன்றிரண்டு சுரப்பிகள் பிடென் இல்லாமலே இருக்கும். பிடென் இழப்பு, எண்டோமெட்ரியோயிட் நியோபிளேசியாவின் முன்னறிவிப்பு என்று பாடமாக ஒப்பிப்பவர்களுக்கு இது கசப்புச் செய்தி. தேதி தெரியாமல் இந்த ஸ்லைடைப் படிக்க முடியாது. ரெக்விசிஷன் சீட்டில் கடைசி மாதவிடாய்த் தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. வந்துசேரும் சீட்டுகளில் அது எத்தனை தடவை காலியாக இருக்கிறது என்று வாசகர்களுக்கே தெரியும். மகளிர் மருத்துவர்களைத் திட்டிப் பயனில்லை. காலியாக வந்த சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பி16-ல் குழப்பம் வேறு வகை. இயல்பான டான்சிலின் கிரிப்ட் எபிதீலியத்தில் அது ஆங்காங்கே சாயம் ஏற்கும். ஃபாலோப்பியன் குழாயிலும், கருப்பைக் கழுத்தில் குழாய்வகை மெட்டாபிளேசியா வந்த சுரப்பிகளிலும் அப்படியே. தொண்டைப் பகுதிப் புற்றில் உட்கருவும் சைட்டோபிளாசமும் சேர்ந்து 70 சதவீதத்துக்குக் குறையாமல் அடர்த்தியாக ஏற்றால்தான் எச்.பி.வி.யின் பதிலாளாக அதைக் கொள்ளலாம். அந்த விதி தொண்டைக்கு எழுதியது, கன்னத்துக்கு அல்ல. புகையிலை மெல்லும் ஊரின் கன்னப் புற்றில் பி16 பார்த்துவிட்டு எச்.பி.வி. என்று எழுதுவது, கேட்டவருக்கும் நோயாளிக்கும் செய்யும் தீங்கு.

டபிள்யூ.டி.1 சிறுநீரகத்தின் போடோசைட், மீசோதீலியம் போன்ற சில இடங்களோடு நிற்கும். பி.ஏ.பி.1, எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1 இரண்டும் எங்கும் இருக்கும்; இல்லாமைதான் செய்தி. ஆர்.பி.யும் பி.ஆர்.சி.ஏ.1-ம் பல திசுக்களில் பரவியிருந்தும், பிறவியிலேயே பழுது வந்த குடும்பங்களில் முன்னதன் முதல் அடி குழந்தையின் விழித்திரையில் விழுகிறது, பின்னதன் அடி மார்பிலும் சூலகத்திலும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதற்கும், இழந்தால் எந்தச் செல் தாங்காது என்பதற்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் முழுதாக அளக்கப்படவில்லை.

இத்தனையும் சாயம் சரியாக ஏறினால்தான். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கோடையில் பாட்டிலில் ஃபார்மலின் குறைவாக ஊற்றி, பெரிய மாதிரியை வெட்டாமல் திணித்து அனுப்பினால் நடுப்பகுதி ஃபிக்ஸ் ஆகாமலே போகும். விளிம்பில் புரதம் இருக்கும், நடுவில் இருக்காது. அதைப் புற்றடக்கியின் இழப்பு என்று படித்துவிடும் ஆபத்து உண்மையானது. வெளியே அழைத்துச் செல்லும் ஒரே கைகாட்டி, அதே துண்டிலுள்ள லிம்போசைட்டும் இரத்தக்குழாய் எண்டோதீலியமும்தான். அவை வெறுமையாக இருக்கும் இடத்தில் கட்டியைப் பற்றி எதுவும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. முன்கூட்டி வெட்டி வைத்த ஸ்லைடுகளில் பி53 மங்கும் என்பதையும் டெக்னீஷியன்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. சென்னையையோ ஸ்டாக்ஹோமையோ எதிர்பார்க்காமல் கடற்கரை மாவட்டங்களின் லேப்கள் தமக்கான இயல்புத் திசு பிளாக்கைத் தாமே செய்துகொள்ளலாம். டான்சில், குடல்வால், வெயில் பட்ட தோல், படாத தோல், தேதி தெரிந்த கருப்பை உட்சவ்வு, புகையிலை தொடாதவரின் கன்னச் சளிச்சவ்வு: இவற்றின் துணுக்குகளை ஒரே பாரஃபினில் வார்த்து, ஒவ்வொரு இம்யூனோ பேட்ச்சிலும் அதே ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளலாம். நம் வெயிலில், நம் தண்ணீரில், நம் ஃபார்மலினில் கிடந்த திசு என்பதால் விலை கொடுத்து வாங்கும் கண்ட்ரோலைவிட அது நம்பகமானது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் எழுதலாம். தரக்கட்டுப்பாட்டைத் தாண்டி ஆய்வுக்குப் பயன்படுத்துவதானால் ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ரிப்போர்ட்டில் கூடுதலாக ஒரு வரி: உள்கண்ட்ரோல் எங்கே, எப்படி ஏற்றது என்று. தொடங்குவதற்கு ஒரு டான்சிலும் ஒரு குடல்வாலும் போதும். இரண்டும் பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரிலேயே கிடைக்கும்.