நின்றுபோனவர்களையும் எண்ணுங்கள்

"இருபது வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறோம். எங்களுக்குத் தெரியாததையா ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிடப் போகிறார்கள்?" கல்வி, தொழிற்பயிற்சி என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. கைதட்டலும் கிடைக்கிறது. சொல்பவர்களில் பலர் மனசார உழைப்பவர்கள். அதனால்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அனுபவமே போதும் என்பது முதல் வாதம். அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கென்யாவில் நடந்ததைப் பாருங்கள். கிராமப் பள்ளிகளில் பாடநூல் பற்றாக்குறை. புத்தகம் கொடுத்தால் மார்க் கூடும் என்றுதான் யாரும் சொல்வோம். 1990-களில் பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கிரெமரும் அவருடன் பணியாற்றியவர்களும் சில பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டுமே முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. முன்பெஞ்சுப் பிள்ளை புத்தகத்தைப் புரட்டுவது வாத்தியார் கண்ணில் படும். எழுத்துக்கூட்ட முடியாமல் ஒருத்தி மூடி வைப்பது படாது. அனுபவத்தின் எல்லை அங்கேதான் இருக்கிறது.

"ஆப்பிரிக்கக் கதை நமக்கு ஒத்துவருமா?" நியாயமான கேள்வி. அப்படியென்றால் இங்கேயே அளந்து பார்க்க வேண்டும்; பார்த்தும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் 18 மாதம் பள்ளி மூடிக்கிடந்த பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்களின் உழைப்புக்கு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத மதிப்பை அந்த ஆய்வு சொல்லிக் கொடுத்தது.

"ஆர்வம் இருப்பவர்கள் முடிப்பார்கள், இல்லாதவர்கள் நின்றுவிடுவார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்னை மிகவும் வருத்துகிற வாதம் இதுதான்.

ஒரு தையல் பயிற்சி மையத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். தொடக்கத்தில் முப்பது பெயர்கள். மூன்றாவது மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பெயர்களில் சிவப்புக் கோடு. காரணம் எழுதும் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்: ஆர்வமின்மை. கோடு விழுந்தவர்களில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். காஜா போட்டுப் பழகிய துணித் துண்டுகளை இஸ்திரி போட்டதுபோல மடித்து, மஞ்சள் பையில் வைத்திருந்தார். "பாப்பா மூணு மணிக்கெல்லாம் பால்வாடியிலேர்ந்து வந்துடும் சார். பாத்துக்க ஆளில்ல" என்றார். வகுப்பு இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும்.

டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆறு மாதத் தையல் பயிற்சியைப் புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும் ஆராய்ந்தார்கள். இடம் கிடைத்த பெண்கள், கிடைக்காதவர்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள், அதிகமாகச் சம்பாதித்தார்கள். பயிற்சியை முடிக்கவிடாமல் தடுத்தவை மையத்தின் தூரம், கைக்காசுத் தட்டுப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை. மூன்றுமே சரிசெய்யக் கூடியவை. 'ஆர்வமின்மை' என்று எழுதி மூடியிருந்தால் மூன்றில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது.

கடைசியாக, செலவு. பெரிய ஆய்வுக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. கொலம்பியாவில் இளைஞர்களுக்கு மூன்று மாத வகுப்பும் மூன்று மாத நிறுவனப் பயிற்சியும் கொடுத்தார்கள். இடத்தைவிட ஆட்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்ற பெண்களின் வருமானம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. நம் மையங்களிலும் இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைத் தூக்கிப் போடாமல், ஒரு வருஷம் கழித்து இரண்டு தரப்புக்கும் போன் செய்து, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு எழுத ஒரு நோட்டு போதும்.

அந்தத் தையல் மையத்தின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, சிவப்புக் கோடு விழுந்த பெயர்களின் போன் நம்பர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். பதினான்கு நம்பர்கள்.