சான்றிதழ்த் தேர்வும் பூட்டிய ஆய்வகமும்

பெருமதிப்பிற்குரிய தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

கணினி வலையமைப்புத் தொழிலில் நுழைய விரும்பும் மாணவர்கள் எழுதும் சிசிஎன்ஏ என்னும் சான்றிதழ்த் தேர்வுக்கு அவர்கள் ஆயத்தமாகும் முறையைக் குறித்தும், பாடத்திட்டத்தையும் கால அட்டவணையையும் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி அம்முறையை மாற்றவல்லது என்பதைக் குறித்தும் இம்மடல் எழுதப்படுகிறது.

சிஸ்கோ நிறுவனம் பல பிரிவுகளாக நடத்திவந்த அடிப்படைநிலைத் தேர்வுகளை ஒன்றாக்கி, 200-301 என்ற எண்ணுடன் 2020 பிப்ரவரி 24 முதல் நடத்திவரும் இத்தேர்வு 120 நிமிடங்களில் முடிந்துவிடுவது. பல்கலைக்கழகத் தேர்வில் ‘அல்லது’ போட்டுக் கேட்கப்படும் நெடுவினாக்களில் தெரிந்ததை எழுதி, தெரியாததைக் கடைசி அரைமணிக்கு ஒதுக்கிவைத்துப் பழகிய மாணவருக்கு, விடையளித்துக் கடந்த வினாவுக்குத் திரும்பவே இயலாத இத்தேர்வு முற்றிலும் வேறான பழக்கத்தைக் கோருகிறது.

சான்றாக, சப்நெட்டிங் எனப்படும் பகுதியை, அதாவது பெரியதொரு முகவரித் தொகுதியைச் சிறு வலையமைப்புகளாகப் பிரிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 192.168.10.77/26 என்ற முகவரி தரப்பட்டால், 32 பிட்டுகளில் முதல் 26 வலையமைப்பைக் குறிக்க, எஞ்சிய 6 பிட்டுகள் 64 முகவரிகளைத் தருகின்றன. ஆகவே தொகுதிகள் 0, 64, 128, 192 எனத் தொடங்க, 77 என்பது 64இல் தொடங்கும் தொகுதிக்குள் விழுகிறது. அதில் 64 வலையமைப்பின் முகவரியாகவும், 127 எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரியாகவும் போக, கருவிகளுக்குக் கிடைப்பவை 62. இதைக் கரும்பலகையில் ஒருமுறை பார்த்த எவருக்கும் புரிந்துவிடும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அரை நிமிடத்தில் போட்டு முடிக்கும் கைவேகம், நாள்தோறும் பத்துக் கணக்குகள் வீதம் சில வாரங்கள் போட்டவருக்கே வாய்க்கிறது. பருவத்திற்கு ஒருமுறை வரும் பயிலரங்கில் அது வாய்ப்பதில்லை.

கணக்கினும் கடினமானது பழுது கண்டறிதல். ஒரே ஸ்விட்சில் இணைந்த கணினிகளைத் துறைவாரியாகத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பது விலான்; இரண்டு ஸ்விட்சுகளுக்கிடையே பல விலான்களின் போக்குவரத்தை ஒரே கம்பியில் சுமப்பது ட்ரங்க். விலான் 10இல் உள்ள கணினிகள் ஒன்றையொன்று அடைகின்றன, விலான் 20இல் உள்ளவை மட்டும் அடையவில்லை என்றால், பயிற்சி இல்லாத மாணவர் முகவரிகளை மாற்றிப் பார்ப்பார், கம்பியைக் கழற்றி மாட்டுவார். பழகியவரோ ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ என்ற கட்டளையை இட்டு, அனுமதிக்கப்பட்ட விலான்களின் பட்டியலில் 20 விடுபட்டிருப்பதை ஒரே பார்வையில் கண்டுவிடுவார். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவுசெய்தால் கட்டணமின்றிக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருளிலேயே இத்தகைய பழுதை ஆசிரியர் வேண்டுமென்றே உண்டாக்கிவைத்து மாணவரைத் தேடச் சொல்லலாம் என்பதால், கருவிகள் வாங்க நிதியில்லை என்பது முழுமையான விடையாகாது.

இத்தனை வழியிருந்தும் மாணவர் நாடுவது டம்ப்ஸ் எனப்படும் கசிந்த வினாவிடைத் தொகுப்புகளையே. அதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. வளாக நேர்காணல் நெருங்கும் இறுதியாண்டில் சான்றிதழ் கேட்கப்படுவதும், வகுப்பு முடிந்ததும் ஆய்வகம் பூட்டப்படுவதும், ‘இவ்வாண்டு இத்தனை சான்றிதழ்கள்’ என்று நுழைவாயிலில் பதாகை வைக்கப்படுவதும் சேர்ந்து, கற்பதைவிடத் தேறுவதே போதும் என்ற முடிவுக்கு அவரைத் தள்ளுகின்றன. (மூன்றாண்டுகளில் காலாவதியாகும் ஒரு சான்றிதழைக் கல்லூரியின் நிலையான சாதனையாக எண்ணுவதும் ஒரு விந்தையே.) கசிந்த வினாக்களைப் பயன்படுத்துவது தேர்வெழுதுவோர் ஏற்கும் உடன்படிக்கையை மீறுவதாகும், அது தெரியவந்தால் சான்றிதழே பறிபோகலாம் என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை. அகப்படாமல் தப்பியவரும் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மேற்சொன்ன விலான் 20 போன்றதொரு பழுதின்முன் கைபிசைந்து நிற்க நேர்கிறது.

ஆதலால் முதல்வர் அவர்கள் முதலில் செய்யக்கூடியது, வலையமைப்புப் பாடம் நடத்தப்படும் அதே பருவத்திலேயே வாரத்தில் மூன்று மாலைகள் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, அப்பொழுதில் பழுது கண்டறியும் பயிற்சியைத் தவிர வேறெதுவும் நடத்தாமலிருப்பது. அப்பணியை ஏற்கும் ஆய்வக உதவியாளருக்கும் ஆசிரியருக்கும் அது கூடுதல் சுமையாகாமல், பணிநேரக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். இல்லையெனில் இரண்டாம் வாரமே கதவு மூடப்படும். பதாகையை அகற்றச் செலவு ஏதுமில்லை.

தேர்வுக் கட்டணம் தனியே கருதத்தக்கது. வரி நீங்கலாக 300 அமெரிக்க டாலர் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானத்தையும் விஞ்சக்கூடிய தொகை. தோற்றவர் ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாம் என்றாலும், மீண்டும் முழுத் தொகையையே கட்ட வேண்டும். அந்த அச்சமே நல்ல மாணவரையும் டம்ப்ஸ் பக்கம் திருப்புவதால், மாலைப் பயிற்சியை முடித்து ஆசிரியரின் ஒப்புதல் பெற்றவருக்கு முதல் முயற்சிக் கட்டணத்தில் பாதியைக் கல்லூரி ஏற்பது குறித்து, வரும் பருவத்தின் கால அட்டவணை இறுதியாகும் முன்னரே பாடத்திட்டக் குழுவிலும் நிதிக் குழுவிலும் வைத்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
வலையமைப்புத் தொழிலில் உள்ள முன்னாள் மாணவர்கள்